சீட் பூட்டுகிற முஸ்தாக்

“பின்னால ஆரு குந்துற?” என்று கேட்டுக்கொண்டே முஸ்தாக் என் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய புதிய சீட்டைக் கவிழ்த்துப் போட்டார். எந்த வண்டி, எத்தனை வருடம் ஓடியது என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான்.

மனைவி என்றேன்.

“அப்ப அவசரப்படுத்தாதீங்க, சேர்.”

கல்முனைக்குடியில் கடற்கரைக்குப் போகும் வீதியில், வீட்டுச் சுவரோடு சாய்த்த ஒரு தகரக் கொட்டில்தான் அவருடைய கராஜ். ஐம்பதை நெருங்குகிறார். மடித்துக் கட்டிய சாரம், நகக்கண் எல்லாம் கிறீஸ். வேர்வையைக் கையால் துடைக்கமாட்டார். தோளை உயர்த்தி அதிலேயே முகத்தைத் தேய்த்துக்கொள்வார்.

கொழும்பிலிருந்து பார்சலில் வந்த என் சீட்டின் பளபளப்புக்குக் குறைவில்லை. வண்டியோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டும் இல்லை, அவை நுழையும் இரும்புக் குழலும் இல்லை, அடி ரப்பரும் இல்லை. விற்றவனுக்குத் தொலைபேசி எடுத்தால், பழைய சீட்டில் இருப்பதைப் போடச் சொன்னான். அவையோ துருவேறி, கழற்றும்போதே முறிந்துபோயின. “இவனுகள் ஒருநாளும் பின்னால குந்திப் போனதில்ல போல” என்றார் முஸ்தாக்.

குடைத்தண்டு ஒன்றை அளந்து அறுத்துக் குழலாக்கினார். உழவு இயந்திரத்தின் கிழிந்த டியூபில் ரப்பர் வெட்டினார். போல்ட்டை ஸ்பெனரால் தொடுவதற்கு முன் விரலால் மூன்று சுற்று இறக்கிப் பார்த்தார். விரலுக்கு இறங்காத போல்ட்டின் மரைப் புரி வேறு அளவாம். அதை டப்பாவுக்குள் எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தார். ஐந்தாவதுதான் சரிவந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. கம்பியால் இறுக்கிக் கட்டித் தந்தால் போதாதா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஸ்பெனரைக் கீழே வைத்துவிட்டு, தான் ஒருமுறை கம்பியால் கட்டிய கதையைச் சொல்லத் தொடங்கினார்.

இந்தப் பக்கத்துக் கராஜ்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாமான் கிடைக்காவிட்டால், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல் தம் சொந்த வண்டியில் இருப்பதைக் கழற்றிக் கொடுப்பார்கள். போன ஹஜ் பெருநாளுக்கு முதல்நாள், போல்ட் விற்கும் கடைகள் எல்லாம் பூட்டிய பிறகு, கைக்குழந்தையும் மனைவியுமாக ஒருவர் ஆடும் சீட்டோடு வந்து நின்றார். “நாளைக்குப் பெருநாள். போயிட்டு வா எண்டு எப்பிடிச் சொல்ற?” முஸ்தாக் தன் வண்டியின் போல்ட்டுகளைக் கொடுத்தார். தன் சீட்டைக் கம்பியால் கட்டினார்.

பெருநாளன்று தொழுகை முடிந்து மனைவி சபூறாவை ஏற்றிக்கொண்டு சம்மாந்துறையில் சபூறாவின் உம்மா வீட்டுக்குப் புறப்பட்டார். வயல் வெளியில் ஒரு பள்ளம். கம்பி அறுந்தது. ஒரு பக்கமாகக் கால்களைப் போட்டு உட்கார்ந்திருந்த சபூறா சீட்டோடு சேர்ந்து மல்லாந்து விழுந்தார்.

“ஏறக்குள்ள கேட்டவ, இது நிக்குமா எண்டு. நிக்கும் எண்டன்.”

எட்டு மாதமாகச் சபூறா படுக்கையில். மறுபடி நடப்பாரா என்பதுதான் அந்த வீட்டின் ஒரே கேள்வி. போன செவ்வாய்க்கிழமை டொக்டர் முஸ்தாக்கைத் தனியாகக் கூப்பிட்டுப் பதில் சொல்லிவிட்டார். “இனிக் கொண்டுவரத் தேவையில்ல, ஊட்டுலயே வெச்சுப் பாருங்க எண்டுட்டாங்க, சேர். அவவுக்கு நான் இன்னும் சொல்லல்ல.” தாழ்ந்த குரலில்தான் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் சபூறாவின் கட்டில்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருந்தால் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

சந்தைக்குப் போயிருந்த என் மனைவி நுஸ்ஹா பையோடு வந்து சேர்ந்தாள். அவள் குரல் கேட்டதும் ஜன்னலிலிருந்து சபூறா கூப்பிட்டார்.

“பொம்புள ஏறுறாவா? நல்லா ஆட்டிப் பாத்துக் குடுங்க.”

“ஓம், பாத்துட்டன்.”

“அடுத்த கிளினிக் எந்தக் கிழம எண்டு சொன்னீங்க?”

முஸ்தாக் ஸ்பெனரைப் போல்ட்டில் கொளுவி, ஏற்கெனவே இறுகியதை இன்னும் இறுக்கினார். “வரும். திகதி போட்ட துண்டு வரும் எண்டு சொன்னாங்க.”

“அதுக்குள்ள நான் கொஞ்சம் எழும்பிக் குந்தப் பழகிருவன்” என்றது அந்தக் குரல். அதில் குறை ஒரு துளி இல்லை. சபூறா ஏசியிருந்தால்கூட இந்த மனிதர் தாங்கியிருப்பார் என்று தோன்றியது.

சீட்டின் இரு பக்கத்தையும் பிடித்து வண்டியே குலுங்கும்படி ஆட்டினார். அசையவில்லை. “தங்கச்சி, ஏறுங்க. சேர்ர இடுப்பப் பிடிச்சிக்கங்க.” நுஸ்ஹா ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். நான் மெதுவாக வண்டியை எடுத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் நுஸ்ஹா என் தோளைத் தட்டினாள். கண்ணாடியைப் பார்த்தேன். முஸ்தாக் அவள் முதுகுக்கு நேராக இரண்டு கைகளையும் ஏந்தியபடி, செருப்பும் இல்லாமல் எங்களுக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்.