மண்டோர் ஏன் பந்தைக் கையால் பிடித்தார்

எங்கள் தோட்டத்துக் கால்பந்துக் குழுவின் தலைவர், அரையிறுதி ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தபோது, எங்கள் கோலுக்கு முன்னால் பறந்து வந்த பந்தை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் கோல்கீப்பர் அல்ல, தடுப்பாட்டக்காரர். பிடித்த பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, நடுவர் விசில் ஊதும்வரை அப்படியே நின்றார். பெனால்டி கொடுத்தார்கள், கோல் விழுந்தது, தோற்றோம். அதற்காகத் தோட்டத்து மக்கள் அவரைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது அவரைத் தவிர எனக்கு மட்டும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. தலைமை எனக்கு வந்தது.

அப்போது மலாயாவில் அவசரகாலம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட வருடங்கள். தம்பின் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் பிரித்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றி முள்கம்பி அடித்திருந்தார்கள். ஒரே ஒரு கேட். பொழுது சாய்ந்தால் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வெளியே நடமாடுகிற எதையும் காவல்காரர்கள் சுடலாம். பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான், தாமதமாக வந்த லாரியின் விளக்கைப் பார்த்துப் பயந்து ஒருவன் சுட்டுவிட, பின்னால் நின்றிருந்த கிளீனருக்குக் கால் போயிற்று. தாமதமாகத் திரும்ப வேண்டியிருந்தால் தம்பின் போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே பாஸ் வாங்கி, கேட்டில் சொல்லிவைக்க வேண்டும்.

நான் சிரம்பானில் ஆங்கிலப் பள்ளியில் படித்து முடித்து, அந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். வலது ஓரத்தில் ஓடி ஆடுவேன். ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவன் என்பதால் குழுவின் செயலாளர் வேலையும் என் தலையில் விழுந்தது. பாஸ் வாங்குவது என் பொறுப்பு.

தலைவரை எல்லாரும் மண்டோர் என்றே கூப்பிடுவார்கள். பால்வெட்டுக்காரர்களை மேய்ப்பது அவர் தொழில். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள்கணக்கெடுப்புக்கு ஆள் சேர்ப்பது, மரப்பட்டையை ஆழமாகக் காயப்படுத்தியவர்களை ஏசுவது, மழை விட்டதும் விரட்டுவது எல்லாம் அவர்தான். ஆகவே வாரத்தில் ஆறு நாள் அவரை யாருக்கும் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை அரைக்கால் சட்டையோடு திடலில் இறங்கினால் அதே ஜனம் அவர் பேரைச் சொல்லிக் கைதட்டும். அந்தக் கைதட்டலுக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளையும் தாங்கினார் என்று நினைக்கிறேன். பந்து அவர் வீட்டில்தான் இருக்கும். தோல் வெடிக்காமலிருக்க ஆட்டுக்கொழுப்பைத் தடவி, வீட்டுக்குள் கொடியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அந்த நாற்றத்துக்கு அவருடைய மனைவி திட்டாத நாள் கிடையாது.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் தோட்டங்களுக்கிடையிலான கேடயத்தை ஜெயித்த குழு எங்களுடையது. என் காலத்தில் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்பது எப்படியென்று எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று மற்றத் தோட்டத்தார் பேசிக்கொண்டார்கள். அந்த வருடம் எதிர்க்குழு ஒன்று வராமல் போனதாலும், இன்னொன்றில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் கண்டதாலும், எப்படியோ அரையிறுதிவரை வந்துவிட்டோம். ஆட்டம் தொலைவில், மந்தின் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில். சமமாக முடிந்தால் அன்றைக்கே இன்னும் அரை மணி நேரம் ஆடித் தீர்க்க வேண்டும். அப்படி ஆடினால் பொழுதுக்குள் திரும்ப முடியாது.

அந்த வாரம் தோட்டத்து மானேஜரான துரை என்னைப் பாஸ் வாங்கத் தம்பினுக்கு அனுப்பினார். போலீஸ் நிலையத்து வாசலில் நீளமான வரிசை. வெயில் வேறு. நான் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, எதிர்ப்புறம் இருந்த காப்பிக்கடையில் போய் உட்கார்ந்தேன். அங்கே என் மனதில் ஓடிய கணக்கை இன்று நினைத்தாலும் கூசுகிறது. எங்கள் குழு எப்படியும் தோற்கும், அதுவும் இடைவேளைக்கு முன்பே தோற்றுவிடும், கூடுதல் நேரம் எங்கே வரப்போகிறது, இதற்குப் போய் எதற்கு வெயிலில் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். ரொட்டியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். துரையிடமும் மண்டோரிடமும் பாஸ் கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

ஆனால் அன்று எங்கள் ஆட்கள் ஆடினார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. லாரியில் எங்களோடு நின்றுகொண்டே வந்த ஜனம் கோட்டோரத்தில் தகரத்தைத் தட்டித் தொண்டை கிழியக் கத்தியது. அவர்களில் பெரிய குரல் பால்கொட்டாய்க்காரருடையது. பால் நிறுக்கிற கொட்டகையில் வேலை செய்கிறவர், ஓர் ஆட்டத்தையும் விடாதவர். இரண்டாம் பாதியில் நாங்கள் ஒன்று போட்டோம், அவர்கள் ஒன்று போட்டார்கள். இரண்டுக்கு இரண்டு. முடியச் சற்று நேரம் இருக்கையில் அவர்களுடைய ஆள் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழ, ஆட்டம் நின்றது. மண்டோர் வேர்வையைத் துடைத்தபடி என்னிடம் வந்தார்.

"தம்பி, பாஸ் உங்ககிட்டதானே இருக்கு? கூட ஆட வேண்டியதா வரும் போல."

"இல்லண்ணே."

"துரைகிட்ட இருக்கா?"

"வாங்கல."

அவர் என்னைப் பார்த்தார். "வாங்கலையா, தரலையா?"

"வாங்கல. போனேன். உள்ள போகல."

அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். பெரட்டில் அதைவிடச் சிறிய காரியத்துக்கெல்லாம் அவர் ஏசியதைக் கேட்டிருக்கிறேன். அவர் திடலின் மேற்கே இருந்த பால்மரங்களைப் பார்த்தார், வெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று. பிறகு தகரம் தட்டிக்கொண்டிருந்த எங்கள் ஜனத்தைப் பார்த்தார். தன் இடத்துக்குப் போனார். அடுத்து எங்கள் கோலுக்கு முன்னால் வந்த பந்து சாதாரணப் பந்து. தலையால் தட்டினால் போய்விடும். அதைத்தான் பிடித்தார்.

லாரி வேகமாக வந்தது. வழியெல்லாம் அவரைத் திட்டினார்கள். அவர் பின்கதவைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றார். நாங்கள் வந்து சேர்ந்தபோது காவல்காரன் கேட்டின் ஒரு பக்கத்தை ஏற்கனவே சாத்தியிருந்தான். எல்லாரும் இறங்கிப் போனபின் நான் அவரருகே நின்றேன்.

"ஆடாம போயிரலாம்னு சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா யாரு கேப்பா? இவ்வளவு நாளுக்கப்புறம் ஜெயிக்கிற மாதிரி இருக்கு. லாரில ஏறவே மாட்டானுங்க. தோத்தாத்தான் தம்பி ஏறுவானுங்க."

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"பாஸ் இருக்குன்னு துரைகிட்ட பொய் சொன்னது தெரிஞ்சா வேலையோட போகாது. இப்ப இருக்கிற காலத்துல உள்ள தள்ளிருவாங்க. சும்மா இருங்க. திட்டிட்டு நாலு நாள்ல மறந்துருவானுங்க."

அவர்கள் மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு வெளியிலிருந்து முடிவெட்டுகிறவர் வந்திருந்தார். கேட்டில் அவர் பெட்டியைக் கவிழ்த்துக் கத்திகளையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். நாவல் மரத்தடியில் முக்காலி போட்டு முதலில் மண்டோரை உட்காரவைத்து முகமெல்லாம் சோப்பு நுரை தடவியிருந்தார். சுற்றிலும் முறைக்குக் காத்திருந்தவர்களுக்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"மண்டோரே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார் பால்கொட்டாய்க்காரர்.

"கோவிச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாரு? கத்தி கழுத்துல இருக்கு. கேளுங்க" என்றார் முடிவெட்டுகிறவர்.

"கீப்பர்னு ஒருத்தன் பின்னால நிக்கிறானே, அவன் எதுக்கு?"

"மரத்துலேர்ந்து பால் சேருற மங்கு விழுந்தா தாவிப் பிடிக்கிற பழக்கம்லா அது. கை தானா போயிருச்சு" என்றார் ஒரு பால்வெட்டுக்காரர்.

"இவரு எங்க மங்கு பிடிச்சாரு? நாம பிடிக்கலைன்னு ஏசத்தான் தெரியும் இவருக்கு" என்றார் இன்னொருவர்.

நுரைக்குள்ளே மண்டோர் சிரித்ததை நான் பார்த்தேன். கத்தி சற்று விலகியது.

"சிரிக்காதீங்க மண்டோரே, காது போயிரும்."

"தலைவன்னா திடல்ல கத்தணும்லா" என்றார் பால்கொட்டாய்க்காரர். "பெரட்டுல கத்துறதுல பாதி கத்தியிருந்தா நாம எப்பவோ கேடயம் எடுத்திருப்போம். வயசாச்சு. நான் மனசுல வச்சுக்கிட்டுப் பேசல. சின்னக் கிராணி படிச்சவரு, வயசு இருக்கு, ஓடறாரு. அவருகிட்ட கொடுத்துப் பாப்போம்கறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மண்டோரும் பார்த்தார். ஒரு பக்கக் கன்னம் வழிக்கப்பட்டு, மறுபக்கம் நுரையோடு இருந்தது. அந்தப் பார்வையில் எச்சரிக்கையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தன் கையிலிருந்து போகப்போவது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பேசினால் எனக்கு என்ன போகும் என்பதும் தெரிந்திருந்தது. "பேச்சுல மறந்துட்டீங்க, இந்தப் பக்கத்தையும் வழிங்க" என்று முடிவெட்டுகிறவரிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பள்ளிக்கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகள் உட்காரும் பலகைகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்டோரை இறக்க வேண்டும் என்று எழுந்து சொன்ன பால்கொட்டாய்க்காரர் பாதியில் வேறெங்கோ போய்விட்டார். ஜப்பான்காரன் காலத்துக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில் மண்டோர் போட்ட கோலை விவரிக்கத் தொடங்கி, எதற்காக எழுந்தோம் என்பதையே மறந்து, பக்கத்திலிருந்தவர் இடித்த பிறகு நினைவுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கோலைக் கேட்டுவிட்டுக் கைதட்டியவர்கள் அதே கையைத் தூக்கி மண்டோரை இறக்கினார்கள். என் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ நியாயமாக நடந்துகொள்வதாக எண்ணம்.

மறுநாள் பந்தை வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. மனைவிதான் கொடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

"இனிமே அந்த நாத்தம் உங்க வீட்டுல இருக்கட்டும் தம்பி" என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை. "அவரு வேட்டைக்குப் போற மாதிரி இதைத் தூக்கிக்கிட்டுப் போவாரு. நல்லா வச்சுக்குங்க."

என் தலைமையில் நாங்கள் இன்னும் மோசமாகத் தோற்றோம். மண்டோர் எனக்குப் பின்னால் ஆடினார். ஒரு முறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓர் ஆட்டத்தில் மட்டும், நான் திகைத்து நின்றபோது, "கத்துங்க தம்பி, கத்தினாத்தான் நம்ம ஆளுங்களுக்குக் காது கேக்கும்" என்றார். என்னைத் திட்டியவர்களிடம், "புதுசுல அப்படித்தான், பழகிருவாரு" என்று எனக்காகப் பேசியதையும் கேட்டேன்.

சில வருடம் கழித்து நான் ஆசிரியர் வேலை கிடைத்துச் சிரம்பானுக்குப் போனேன். அவசரகாலம் முடிந்தது. துரை சீமைக்குப் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் என்னை யாரும் எதுவும் செய்ய முடியாது என்ற நிலை வந்த பிறகும் நான் சொல்லவில்லை. முன்பு பயம் என்று காரணம் சொல்லிக்கொள்ள முடிந்தது. பின்னால் அதுவும் இல்லை. அந்த மக்கள் என்மீது வைத்திருந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மண்டோர் வயதான பின் சிரம்பானிலேயே, தெமியாங்கில் மகன் வீட்டில் இருந்தார். அதே ஊரில் இருந்தும் நான் போய்ப் பார்த்தது கொஞ்சம். போனால் பந்தாட்டம் பேசுவோம், அந்த ஆட்டத்தைத் தவிர. அவர் இறந்த செய்தி கேட்டுக் காலையில் போனேன். வாசலில் கூடாரம் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பால்கொட்டாய்க்காரர் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"நல்ல மனுசன் ஐயா. நம்ம தோட்டத்துல இவரைப் போல ஆடின ஆளு கிடையாது. அந்த ஒரு நாளு மட்டும் என்ன புத்தியோ. இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆறல."

நான் அவர் பக்கத்தில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். காப்பிக்கடை, வாங்காத பாஸ், துரையிடம் சொன்ன பொய், ஆட்டம் நின்றபோது நடந்த பேச்சு, கேட்டில் மண்டோர் சொன்னது, எதையும் விடவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிய மனசு உங்களுக்கு."

"மனசு இல்லைங்க. நடந்தது இது."

"தெரியும், தெரியும். செத்தவரு பேரு கெட்டுப்போகக் கூடாதுன்னு பழியைத் தூக்கி உங்க மேல போட்டுக்கறீங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்." பக்கத்திலிருந்த இளைஞர்களிடம் திரும்பினார். "கேட்டீங்களாடா, வாத்தியாரு என்ன சொல்றாரு பாத்தீங்களா? இந்தக் காலத்துல யாரு இப்படிச் சொல்வா?"

நான் மறுபடியும் மறுத்தேன். மறுக்க மறுக்க அவருக்கு என்மேல் மதிப்பு கூடிக்கொண்டே போனது. யாரோ எழுந்து எனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காலி செய்தார்கள். மண்டோரின் மகன் வந்து என் தோளைத் தொட்டு, "உட்காருங்க சார்" என்றான்.

உட்கார்ந்தேன்.