ஆறு மாதத்துக்கு ஒரு கார்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் மாணவனாக லண்டனுக்கு வந்த புதிதில், ஒரு வங்கிக் கணக்குத் திறப்பதற்காக என்னைத் திரும்பத் திரும்ப அலையவிட்டார்கள். கல்லூரிக் கடிதம் வேண்டும் என்றார்கள், கொண்டுபோனேன். வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும் என்றார்கள், கொண்டுபோனேன். பிறகு, அந்த வீட்டுக்காரர் யார் என்று கேட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, ஈஸ்ட் ஹாமில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்த வீட்டின் கதவுத் துவாரத்தால் அதே வங்கிகள் உறை மேல் உறையாகத் தள்ளத் தொடங்கின. நான் அவர்களுக்கு மிகவும் வேண்டியவனாம். கடன் அட்டை ஒன்றுக்கு விண்ணப்பித்தால் போதுமாம். முதல் தடவை பாவித்த உடனே பயணப் பை தருவார்களாம், மேசைக் கடிகாரம் தருவார்களாம், விமானப் பயணத்துக்கான மைல்கள் தருவார்களாம். இடைப்பட்ட காலத்தில் நான் அப்படி என்ன நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை.

நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எனக்குச் சம்பளம் கூடிய மாதத்துக்குப் பிறகுதான் இந்த உறைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. அவர்களுக்கு யார் சொன்னது?

எங்களுக்கு மேல் மாடியில் ஒரு மலேசியத் தமிழர் குடியிருந்தார். படிக்க வந்து, படித்து முடித்து, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலையாகி, அப்படியே தங்கிவிட்டவர். மற்றவர்கள் முத்திரை சேர்ப்பதுபோல் இவர் கடன் அட்டை சேர்த்தார். ஒரு சனிக்கிழமை, நான் அந்த உறைகளைக் குப்பையில் போடுவதைக் கண்டு பதறிப்போனார்.

"என்ன பிரதர், டிக்கெட்ட தூக்கிக் குப்பையில போடுறீங்க?"

பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்து தன் முறையை விளக்கினார். ஒவ்வொரு விண்ணப்பமும் நம் பெயரில் இருக்கும் கடன் பதிவில் ஒரு தடம் விடும். அடுத்த வங்கி முதலில் அந்தத் தடங்களைத்தான் பார்க்கும். குறுகிய காலத்துக்குள் பல தடங்கள் இருந்தால், இந்த ஆள் காசுக்குத் தவிக்கிறான் என்று கதவைச் சாத்திவிடும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒன்றுதான். எடுக்க வேண்டும், பாவிக்க வேண்டும், பில் வந்ததும் ஒரு சதம் மிச்சமில்லாமல் கட்ட வேண்டும், வருடக் கட்டணம் விழுவதற்கு முன் மூட வேண்டும்.

"விருந்துக்குப் போற மாதிரி லா. மாசத்துக்கு ஒரு வீடுன்னா மரியாதையா கூப்பிடுவாங்க. ஒரே நாள்ல மூணு வீட்டுக்குப் போனா, இவனுக்கு வீட்டுல சோறு இல்லன்னு பேசுவாங்க."

"அதெல்லாம் சரி. அவை ஏன் சும்மா குடுக்கினம்?" என்று கேட்டேன்.

"முழுசா கட்டாத ஆளுங்க இருக்காங்க இல்ல? அவங்க வட்டியிலதான் நாம பறக்கிறோம்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஒருவனுடைய கஷ்டத்தில் ஏறிப் பறப்பதா என்ற நினைப்பு ஒரு பக்கம். இதில் இவருக்கு என்ன லாபம் என்ற நினைப்பு மறுபக்கம். எங்கள் ஆட்கள் பிடிக்கும் சீட்டில் எல்லோரும் ஒரே வரவேற்பறையில் இருப்பார்கள். யாருக்கு எதற்காகக் காசு தேவை, யார் அண்ணன் ஜெர்மனியில், யாருடைய தகப்பன் எந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றுகிறவன்கூட நமக்குத் தெரிந்தவனாகத்தான் இருப்பான். என் முகத்தையே பார்க்காத ஒருவன் எனக்குப் பரிசு தருகிறான் என்றால், அவன் பார்க்கிறது வேறு எதையோ.

ஆனால் என் மனைவி, மருத்துவமனைச் சமையலறையில் ஷிப்ட் முடிந்து வந்து குழம்பைச் சூடாக்கிக்கொண்டே, அவர் சொன்ன அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளுடைய தங்கைக்குக் கனடாவில் இருக்கும் ஒருவரைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையால் இலங்கைக்கு வர ஏலாது. ஆகவே கல்யாணம் திருச்சியில், தை மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வருவதற்கு அவளுடைய அம்மா புலிகளிடம் பாஸ் எடுத்து, கொழும்பு வந்து, அங்கிருந்து இந்தியாவுக்குப் போவதாக ஏற்பாடு. என் மனைவி அம்மாவைப் பிரிந்து ஆறு வருடம். அப்போது யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை, கடிதம் போகிறபோதுதான் போகும். எங்களுடைய கல்யாணம் லண்டன் கோயில் ஒன்றில் நடந்தது. அம்மா படத்தில்தான் பார்த்தார். கையிலிருந்த சேமிப்பு முழுவதும் தங்கையின் கல்யாணச் செலவுக்கு, வங்கி இல்லாமல் கைமாற்றாகக் காசு அனுப்பும் உண்டியலில் போய்விட்டது. திருச்சிக்குப் போக அவளுக்கு ஒரு டிக்கெட் வேண்டும். அதற்கு வழியில்லை.

"இஞ்சாருங்கோ, அந்த அண்ணை சொல்லுறதை ஒருக்கா செய்து பாப்பமே?"

"உமக்கென்ன விசரே? ஒருத்தன் சும்மா தாறன் எண்டால் வாங்கிறதே?"

"நீங்கள் சும்மா தந்தாலும் வாங்கமாட்டியள். நான் வாங்குவன்."

சித்திரையில் என் பெயரில் முதல் அட்டை எடுத்தோம். விதிமுறைகள் அச்சிட்ட தாளைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு இரவு படித்தேன். பொறி எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது. முதல் பாவனைக்கு அவர்கள் சொன்ன மைல்கள் சொன்னபடியே வந்தன. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அட்டையால் வாங்கக்கூடியதெல்லாம் அட்டையால்தான். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நாங்கள் வழமையாக அரிசி வாங்கும் கடையில் அட்டை எடுபடாது. எனவே என் மனைவி பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு மாறினாள். ஒருநாள் கடைக்காரர் என்னை வழியில் மறித்தார்.

"என்ன தம்பி, வீட்டிலை அடுப்பெரியேல்லையோ? கன நாளாக் காணேல்லை."

நான் ஏதோ சமாளித்தேன். இரண்டு நாளில், எங்கள் வீட்டில் காசுக் கஷ்டமாம் என்ற கதை லண்டனின் மறுகோடியில் இருக்கும் வெஸ்ட் ஈலிங் கோயில் வரை போய்த் திரும்பி வந்தது.

புரட்டாதி முடியும்போது கணக்குப் பார்த்தோம். அரிசி பருப்பு வாங்கிச் சேர்ந்த மைல்களால் தைக்குள் டிக்கெட் வராது. இன்னொரு புதிய அட்டையின் தொடக்கப் பரிசு சேர்ந்தால் வந்துவிடும். இரண்டு அட்டையின் மைல்களும் ஒரே கணக்கில் போய் விழும். யாருக்கு வேண்டுமானாலும் டிக்கெட் எடுக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று மேல் வீட்டுக்காரர் சொன்ன ஆறு மாதம் கழியவிட்டு, மனைவி தன் பெயரில் விண்ணப்பித்தாள். அவளுக்கு இது முதல் விண்ணப்பம். ஒரு தடமும் இல்லாத வெள்ளைத் தாள்.

மறுத்துவிட்டார்கள்.

அன்று முழுவதும் எனக்கு யார்மீதும் நம்பிக்கை இல்லை. யாரோ அவள் பெயரில் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். எங்கள் தபால் எல்லாம் ஒரே கதவுத் துவாரத்தால்தான் விழும். அதைத் தினமும் எடுத்து அடுக்கி வைப்பவர் மேல் வீட்டுக்காரர். நான் மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"நீங்கள் எங்களைச் சேர்த்துவிட்டதுக்கு உங்களுக்கு ஏதும் கிடைச்சதோ?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "ஆமா, கிடைச்சுது. ஒரு சூட்கேஸ். கட்டிலுக்கடியில இருக்கு, பாக்கிறீங்களா? நீங்களும் ஆள் சேர்த்தா உங்களுக்கும் தருவாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பிரதர், போலீஸ் மாதிரி நிக்கிறீங்க? ஏன் மறுத்தாங்கன்னு அவங்களையே கேளுங்க."

என் மனைவி கேட்டுவிட்டாள். மறுநாள் வேலை இடத்திலிருந்து வங்கிக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். விடை சின்னது: இந்த முகவரியில் இப்படி ஒரு பெண் வாக்காளர் பட்டியலில் இல்லை.

இதைப் புரியவைக்க எங்கள் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர். மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன் அவளுடைய அப்பாவின் பெயர், கடவுச்சீட்டில் அதுதான். கல்யாணத்துக்குப் பின் ஊர் வழக்கப்படி என் பெயர். வெள்ளைக்காரர் வழக்கப்படி பார்த்தால் என் அப்பாவின் பெயர் வந்திருக்க வேண்டும். ஆனால் எந்தப் பெண் மாமனாரின் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் எழுதுவாள்? காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இங்கே எங்களுக்கும் வாக்கு உண்டு. கவுன்சிலிலிருந்து வாக்காளர் படிவம் வந்தபோது, அரசாங்கக் காரியம் என்று கடவுச்சீட்டைப் பார்த்து அப்பாவின் பெயரை எழுதினாள். அட்டைக்கு எழுதும்போது, திருமதி என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டோமே என்று என் பெயரை எழுதினாள். இரண்டும் அவள்தான். வங்கிக்கு ஒருத்தி உண்டு, மற்றவள் இல்லை.

"இனி அடுத்த சித்திரைக்குத்தான் கேக்கலாம்," என்றேன். "ஆறு மாதம்."

"சித்திரையிலை தங்கச்சிக்குப் பிள்ளையே கிடைச்சிடும்."

"தடம் விழுந்திட்டுதே."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆருக்கு விழுந்தது? உங்கடை பேர் வைச்ச ஒருத்தி போய்க் கேட்டாள். அப்பிடி ஒரு ஆளே இல்லை எண்டு அவையே சொல்லிப்போட்டினம். இல்லாத ஆளுக்கு என்னெண்டு தடம் விழும்? இப்ப எங்கடை அப்பாவின்ரை மகள் கேக்கப் போறாள். அவள் இன்னும் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கேல்லை."

மேல் வீட்டுக்காரர் இதைக் கேட்டு, தன் விதிகளை விரல் விட்டு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். "என் முறையில இதுக்கு விதியே இல்ல," என்றார் கடைசியில், மரியாதையோடு.

எனக்கு மட்டும் உறக்கமில்லை. ஒரே வீடு, ஒரே பிறந்த தேதி, இரண்டு பெண்கள். மோசடி என்று யாராவது எழுதிவிட்டால், வங்கியோடு நிற்குமா? எங்களுடைய நிரந்தர வதிவிடப் பத்திரங்கள் அப்போதும் உள்துறை அலுவலகத்தில் எங்கோ ஒரு மேசையில் கிடந்தன. இந்தியாவுக்குப் போகிறவளைத் திரும்பி வரவிடாமல் செய்ய ஒரு வரி போதும். இதை அவளிடம் சொன்னேன். அவள், "அப்ப நான் அம்மாவைப் பாக்கிறதில்லையே?" என்று மட்டும் கேட்டாள். பேனாவை நானே எடுத்துக் கொடுத்தேன். வேறொரு வங்கிக்கு, கடவுச்சீட்டில் உள்ள பெயரில், கார்த்திகை தொடக்கத்தில் விண்ணப்பம் போனது.

இரண்டு கிழமை கழித்து, சாயந்தரம், தொலைபேசி அடித்தது. எடுத்தது நான். ஒரு பெண் குரல், மிக இனிமையாக, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னது. அந்த இனிமையே எனக்குப் போதும், முதுகு நேராகிவிட்டது. மனைவியின் பெயரோடு அவளுடைய அப்பாவின் பெயரைச் சேர்த்துச் சொல்லி, இந்தப் பெண் இங்கே இருக்கிறாரா என்று கேட்டாள். ஆம் என்றேன். பிறகு, கடன் பதிவில் இதே முகவரியிலிருந்து இன்னொரு விண்ணப்பம் இருக்கிறதே என்று, அதே பெயரோடு என் பெயரைச் சேர்த்துச் சொல்லி, இந்தப் பெண்ணும் இங்கே இருக்கிறாரா என்று கேட்டாள். வந்துவிட்டது பொறி என்று நினைத்தேன். இல்லை என்றால் பொய். ஆம் என்றால் இரண்டு பேர்.

"இருவரும் என் மனைவி," என்றேன் ஆங்கிலத்தில்.

மறுமுனையில் அந்தப் பெண் இரண்டு பெயரையும் மறுபடி மெதுவாக வாசித்தாள்.

மனைவி ரிசீவரைப் பறித்துக்கொண்டாள். அவளுடைய ஆங்கிலம் சமையலறை ஆங்கிலம். சுற்றி வளைக்கத் தெரியாது. ஒருவர் என் அப்பா, மற்றவர் என் புருஷன், இரண்டு பேரையும் சுமந்து திரிகிறவள் நான் ஒருத்திதான் என்று சொன்னாள். மறுமுனையில் சிரிப்பது எனக்கே கேட்டது. அந்தப் பெண்ணுக்கும் விவாகரத்துக்குப் பிறகு இரண்டு பெயரில் தபால் வருகிறதாம். அதன் பிறகு அவர்கள் இருவரும் என்னை மறந்து பத்து நிமிடம் பேசினார்கள்.

அட்டை வந்தது. முதல் பாவனைக்காகச் சமையலறை ஹீட்டர் ஒன்று வாங்கினோம். மைல்கள் மார்கழி நடுவில் வந்து விழுந்தன. டிக்கெட் எடுத்தபோது, இதற்கு மேல் வரி ஏதும் உண்டா, கட்டணம் ஏதும் உண்டா என்று நான் மூன்று விதமாகக் கேட்டேன். விமான நிலைய வரி மட்டும் என்றார்கள். அதையும் நம்பாமல், ஹீத்ரோவில் அவள் உள்ளே போன பிறகும், விமானம் புறப்பட்டுவிட்டது என்று பலகையில் வரும்வரை நின்றேன்.

மூன்றாம் நாள் திருச்சியிலிருந்து அழைப்பு வந்தது. பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ பூவுக்குப் பேரம் பேசும் சத்தம்.

"வந்து சேர்ந்திட்டன். அம்மா நல்லா மெலிஞ்சு போனா. என்னைப் பாத்து, நீதான் மெலிஞ்சு போனாய் எண்டு சண்டை பிடிக்கிறா."

"அங்கை ஏர்போட்டிலை ஒண்டும் காசு கேக்கேல்லையோ?"

"ஐயோ, இன்னும் விடேல்லையே நீங்கள்? இந்தாங்கோ, அம்மாவோடை கதையுங்கோ."

கல்யாணமாகி நாலு வருடத்தில் முதல் தடவையாக மாமியின் குரலைக் கேட்டேன். அவர் இருமினார். சுகமா என்று கேட்டார். நான் சுகம் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் நின்ற மகளுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

"தம்பி, பிளேன் டிக்கெட்டைச் சும்மா குடுத்தவங்கள் எண்டு இவள் சொல்லுறாள். ஏன் தம்பி சும்மா குடுக்கிறாங்கள்?"

"அதைத்தான் மாமி நானும் சித்திரையிலையிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"கவனமாயிருங்கோ," என்றார் மாமி. "நான் இவளை இரண்டு கிழமைக்கு வைச்சிருக்கிறன். அதுக்குள்ளை என்னெண்டு வடிவா விசாரியுங்கோ."