கிணற்று ஆமை

கெடாரில் எங்கள் கிணற்றில் ஓர் ஆமை இருந்தது. பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்று அப்பா விட்டது. யாரோ சொல்லி வனத்துறைக்காரர் இருவர் வந்தார்கள்.

“இத வச்சிக்கினு இருந்தா கேஸுங்க. ஏரிதான் இதுக்குப் பாதுகாப்பு,” என்றார் மூத்தவர்.

கூடையை நான்தான் கிணற்றில் இறக்கிக் கொடுத்தேன். ஆமையை ஏரியில் விட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கோடையில், ரோடு போட மண் வேண்டுமென்று அதே ஏரியில் ஜேசிபி இறங்கியது. ஆமையை விட்ட இடத்தில்தான் முதலில் தோண்டினார்கள். மூத்தவருக்குப் போன் செய்தேன்.

“பர்மிஷன் வாங்கித்தான் எடுக்கிறாங்க. ஏரி எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க,” என்றார். கொஞ்சம் யோசித்து, “ஆமை ஏதாச்சும் செத்துக் கிடந்தா சொல்லுங்க, ஜல்தியா வர்றோம்,” என்றார்.

“சரிங்க,” என்றேன்.