குமிழிக்குப் பின்னால்

சாய்ந்தமருது அபுல் ஹஸனுக்குக் கடலில் முப்பது வருசம். மீன் கூட்டத்தைக் கண்டால் அவர் கை தானாகவே நங்கூரக் கல்லைத் தூக்கிப் போட்டுவிடும். கூட்டத்தின் மேல் தோணியை நிறுத்துகிறவனுக்குத்தான் மீன். அந்தப் பழக்கத்தில்தான் மனுசன் கெட்டுப்போனார்.

1957 ஆனியில் கொழும்பிலிருந்து வந்த ஒரு துரை, அபுல் ஹஸனின் தங்கை முனவ்வறாவின் புருசன் ஜெமீலுக்குக் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டி முக்குளிக்கப் பழக்கினார். ஆழ்கடலில் நீரோட்டத்தோடு போய், பாரை மீன் கூட்டத்தையும் சுறாக்களையும் பார்த்து வந்து சொல்ல வேண்டும். அபுல் ஹஸனின் தோணியில் ஜெமீல் புறப்பட்ட அன்று துரைக்குக் காதுவலி, கரையிலேயே தங்கிவிட்டார்.

"மச்சான், நான் ஓட்டத்தோட போவன். நீங்க மேல வாற என்ட மூச்சுக் குமிழிக்குப் பின்னாலயே வரோணும். சுறா சும்மா போகும், பயமில்ல. ரெத்தம் மட்டும் தண்ணியில விழப்படாது," என்றான் ஜெமீல்.

"ஓம் ஓம், எனக்கே கடல் படிச்சுத் தாறியா? பிஸ்மி சொல்லி இறங்கு," என்று அபுல் ஹஸன் சிரித்தார்.

கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் குமிழியைத் தொடர்ந்தார். பிறகு பாரை பொங்கியது பாருங்கள், சுற்றிவரத் தண்ணீர் கொதித்தது! கல் விழுந்தது. தூண்டில் விழுந்தது. இழுக்க இழுக்க மீன், தோணியெல்லாம் இரத்தம். அள்ளி அள்ளிக் கடலுக்கே ஊற்றினார். அட பாவி மனுசா!

ஒரு தூண்டிலில் பாரையின் தலை மட்டும் வந்தது. உடம்பைச் சுறா கடித்துக்கொண்டு போயிருந்தது. அப்போதுதான் அவருக்கு ஜெமீலின் ஞாபகம் வந்தது.

குமிழி எங்குமே இல்லை. கல்லை இழுத்தார், பாறையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. கயிற்றை வெட்டினார். நீரோட்டம் போன தெற்குப் பக்கமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே துடுப்புப் போட்டார். சிலிண்டரில் ஒரு மணி நேரக் காற்றுத்தான். வெயில் சாயும்வரை தேடினார். யா அல்லாஹ், அவ்வளவு பெரிய கடலில் ஒற்றை மனுசன் எந்தப் பக்கம் பார்ப்பான்? தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

மீனை வீசவும் நினைவில்லாமல் கரைக்கு வந்தார். தோணி தாழ்ந்து வருவதைக் கண்டு முனவ்வறா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அல்லாட காவல், எவ்வளவு மீன் காக்கா! இவருக்குப் பொரிக்க நல்ல பாரையாப் பாத்து ஒண்டு எடுங்க," என்றாள் அண்ணனிடம்.

அவர் வெட்டிய நங்கூரக் கயிற்றையே சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க இவர்? களைச்சுப் படுத்திட்டாரா?" என்று சிரித்தபடியே அவள் தோணிக்குள் எட்டிப் பார்த்தாள்.