மீட்டரக்காவும் நாத்தனார் குடையும்

ஒர்க்‌ஷாப்பில் அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. மற்ற பெண்கள் கழுத்தில் சங்கிலி போட்டால், அவள் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் தொங்க, கரண்ட் பார்க்கிற மீட்டரை மாட்டியிருப்பாள். கல்யாணமான புதிதில் ரேடியோ ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தவள்தான். கணவனின் ரொட்டி வேனில் ஹாரன் தானாக அலறுகிறதே, நிறுத்திக் கொடுப்போம் என்று கை வைத்தவள், கார் வயரிங்கில் தலைகுப்புற விழுந்தாள். இருபது வருஷம் ஆகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

மற்ற மெக்கானிக்குகள் எஞ்சினைக் காதால் கேட்பார்கள், மூக்கால் மோந்து பார்ப்பார்கள். இவள் வயரை வைப்பாள், மீட்டர் முள்ளைப் பார்ப்பாள். "முள்ளு சொல்லிடுச்சு" என்றால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்த முள்ளை மதிக்காத ஒரே ஜீவன் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. "என் தம்பி பொண்டாட்டி, ஏதோ வயர் வேலை பாக்கறா" என்றுதான் ஊருக்கெல்லாம் அறிமுகம் செய்வாள். அந்த 'ஏதோ' மட்டும் ஒரு தடவைகூட விடுபட்டதில்லை. தன் பழைய காரை வேறு ஒர்க்‌ஷாப்பில்தான் விடுவாள்.

நாத்தனார் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நர்ஸ். மேட்டுத்தெருக்கள் முழுக்க அவள் ரவுண்டு. அந்தக் காரோ எஞ்சின் சூடானதும் மேட்டில் பாதியில் படுத்துவிடும். அரை மணி ஆறினால் ஒன்றும் தெரியாத மாதிரி கிளம்பும். நடுரோட்டில் வெயிலில் காத்து நிற்கத்தான் ஒரு பெரிய கறுப்புக் குடை வாங்கி வைத்திருந்தாள். மழைக்கு அதை விரித்ததே இல்லை, மழையில் கார் ஒழுங்காக ஓடும்.

மூன்று தடவை தாமதமானதும் ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இன்று இரண்டு மணிக்குள் ஓடுகிற வண்டி உண்டா இல்லையா என்று தெரியவேண்டும். இல்லையென்றால் ரவுண்டு வேறு ஆளுக்கு, இவளுக்கு ஆபீஸில் நாற்காலி. "நாற்காலியா! உக்காந்தா நான் துருப்பிடிச்சிடுவேன்" என்று தம்பியிடம் அழாத குறை. இன்று காலை பார்த்து வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட, வழக்கமான ஒர்க்‌ஷாப் கையை விரித்துவிட, தம்பி ரொட்டி வேனில் கயிறு கட்டி இழுத்துவந்து மனைவி முன்னால் நிறுத்தினான்.

மீட்டரக்காவுக்குச் சந்தோஷம் பொங்கியது. அண்ணி வண்டி, அதுவும் முதல் தடவை! ஷெட்டுக்குள் கியர்பாக்ஸ் கழற்றிய வேன் ஒன்று வழியை அடைத்துக் கிடந்ததால், முற்றத்திலேயே பானெட்டைத் திறந்தாள்.

அந்தக் காலத்துக் கார்களில் பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்கு அடியில் ஒரு குட்டி சென்சார் உண்டு. ஒரு பக்கம் சின்ன விளக்கு, எதிரே அதைப் பார்க்கிற ஒரு கண், நடுவில் துளை போட்ட தட்டு. தட்டு சுற்றச் சுற்ற வெளிச்சம் விட்டு விட்டுத் தெரியும். கண் அதைப் பார்த்துச் சொன்னால்தான் பிளக்கில் நெருப்பு, எஞ்சின் ஓடும். மூடியைக் கழற்றி, மீட்டரை மாட்டி, எஞ்சினை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பினாள். முள் ஏறி ஏறி இறங்கணும். அசையவில்லை.

சரி, செத்துப்போச்சு. அந்த சென்சார் இப்போது செய்வதே இல்லை. நல்லவேளையாக அவளிடம் பழைய சாமான் டப்பாவில் இரண்டு இருந்தன. பழையது இருந்த இடத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே ஒன்றை வைத்து முடுக்கினாள். முள் அசையவில்லை. இன்னொன்றை மாட்டினாள். ஊஹும். வயரெல்லாம் பார்த்தாள், கரண்ட் ஒழுங்காக வருகிறது. முள்ளு சொல்லிடுச்சு. வேறு வழியில்லாமல் போனைப் போட்டாள்.

"அண்ணி, மூணு பார்ட்டும் போச்சு. இனிமே கிடைக்காது. வண்டிய வித்துடுங்க."

ஒரு பாட்டம் திட்டு வரும் என்று போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டாள். "சரி, வரேன்" என்றுதான் வந்தது.

ஒன்றே கால் மணிக்கு நாத்தனார் விரித்த குடையும் கையுமாக வந்து சேர்ந்தாள். முகம் வாடிப்போயிருந்தது.

"டிக்கில என் பை இருக்கு, எடுத்துக்கறேன். அப்புறம் ஆபீசுக்குச் சொல்லிடறேன்."

"அண்ணி, வேற யார்கிட்டயாவது ஒரு தடவை காட்டிப் பாக்கலாமே..."

"எதுக்கு? நீதான் பாத்துட்டியே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஐயோ! இருபது வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்திருந்தாள்? வந்தது வந்தது, இன்றைக்கா வரணும்! மீட்டரக்கா முகத்தைக் காட்டாமல் குனிந்து, சும்மாவாவது எஞ்சினைத் திருப்பினாள். நாத்தனார் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

முள் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"அண்ணி! அசையாதீங்க!"

"ஏன், பாம்பா?" என்று நாத்தனார் துள்ளி விலகினாள். முள் மறுபடி நின்றது.

"ஐயோ, கிட்ட வாங்க. குடையோட வாங்க. இங்கேயே நில்லுங்க."

"நான் என்ன கொடிக்கம்பமா?" என்றாலும் வந்து நின்றாள். குடை நிழல் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் விழுந்தது. முள் துள்ளியது.

மீட்டரக்கா தலையில் அடித்துக்கொண்டாள். வெளிச்சத்தைப் பார்த்து வேலை செய்கிற கண்ணை, மூடியைக் கழற்றி உச்சி வெயிலில் வைத்தால் அது எதைத்தான் பார்க்கும்? இத்தனை நாள் ஷெட்டுக்குள்ளேயே பார்த்ததில் இது புத்தியில் ஏறவே இல்லை. மற்ற இரண்டையும் குடைக்கடியில் மாட்டிப் பார்த்தாள். காரோடு வந்தது மட்டும் நிஜமாகவே போயிருந்தது.

வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கொடுத்திருக்கலாம். கைராசி என்று பேராவது கிடைத்திருக்கும். அவளால் முடியவில்லை.

"அண்ணி, நான் போன்ல சொன்னது தப்பு. செத்தது ஒண்ணு, நான் புதைச்சது மூணு. வெயில் பட்டதை கவனிக்கல."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்போ ரிப்பேர் பண்ணது என் குடையா?"

"குடைதான் அண்ணி. நான் ஏதோ வயர் வேலை பாக்கறவ."

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது!"

நல்லது ஒன்றை மாட்டி, மூடியைப் போட்டுச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. இரண்டு பேரும் ஏறி, கொளுத்துகிற வெயிலில் நாத்தனார் ரவுண்டில் வருகிற மேட்டை மூன்று தடவை ஏறி இறங்கினார்கள். வழக்கமாகப் படுக்கிற இடம் வரும்போதெல்லாம் இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி படுக்கவில்லை.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாத்தனார் ஆபீசுக்குப் போன் போட்டாள். "வண்டி ரெடி. ரவுண்டுக்கு நான்தான் போறேன்... யாரு பாத்ததா? எங்க வீட்டு மெக்கானிக்."

ஒர்க்‌ஷாப் வாசலில் மீட்டரக்காவை இறக்கிவிட்டு, ஜன்னல் வழியாகக் குடையை நீட்டினாள்.

"இந்தா, உன் டூலை வெச்சுக்கோ."

"அண்ணி, வழியில நின்னுட்டா? வெயில் கொளுத்துதே!"

"நிக்காது" என்று சொல்லிவிட்டு நாத்தனார் கியரைப் போட்டாள்.