குளோரின்காரரின் பீன்ஸ் செடிகள்

உலகத்து உளவாளிகளையெல்லாம் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் எங்கள் மாமாவின் மூக்கை மட்டும் வைத்தால், உளவாளிகள் அந்தரத்தில் தொங்குவார்கள். அந்த மூக்கு இப்போது மொட்டைமாடியில் ஒரு வாளித் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. "இன்னும் போகல," என்கிறார். போகாதது குளோரின் வாடை. அது போகும்வரை செடிகளுக்கு ஒரு சொட்டுக் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், குடிநீர் நிலையத்தில் அந்தக் குளோரினைக் கலப்பவரே இவர்தான். ஊரே இவரை நம்பிக் குடிக்கிறது. இவர் மட்டும் நம்பமாட்டார். அத்தை கேட்டால், "கிருமியைக் கொல்லத்தானே அதைப் போடுறேன்? நல்ல கிருமி எது, கெட்ட கிருமி எதுன்னு அதுக்கு முகம் பார்க்கத் தெரியுமா?" என்பார். தொட்டி மண்ணில் இருக்கும் நல்ல கிருமிகளுக்கு அவர் வைத்த பெயர் 'நம்ம பசங்க'. பீன்ஸ் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகளில் குடியிருந்துகொண்டு, காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறவர்கள். ஒரு வாளித் தண்ணீரிலிருக்கும் குளோரின் அவர்களை அடியோடு அழித்துவிடாது என்று அவரே ஒத்துக்கொள்வார். "இருந்தாலும் எதுக்கு வம்பு?"

பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வாசல் மணி அடித்தால் முதலில் ஜன்னல், அப்புறம்தான் கதவு. மச்சினன் பாசமாகப் பேசினால், "என்ன வேணும், நேராச் சொல்லு," என்பார்.

ஆனால் பரம எதிரி யூரியாதான். "தினமும் ஓட்டல் சாப்பாடு வாசலுக்கே வந்தா, வீட்டுல எவன் அடுப்பு பத்தவைப்பான்? வேரும் அப்படித்தான். யூரியா ருசி கண்டுட்டா நம்ம பசங்களை வீட்டுக்குள்ள சேர்க்காது."

இந்தத் தடவை செடிகள் இலையெல்லாம் மஞ்சளாக வெளுத்து நின்றன. அத்தை இடுப்பில் கை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்: "உங்க பசங்களை நம்பி இதுங்க இந்த மாசத்துக்குள்ள தேறலைன்னா, தொட்டி மொத்தமும் பழைய சாமான்காரனுக்கு." அதிலிருந்து மாமா சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

பிறகு திடீரென்று செடிகள் பச்சையாயின. சாதாரணப் பச்சையல்ல, பெயிண்ட் அடித்த பச்சை. அத்தையே இறங்கிவந்து, "சரிங்க, உங்க பசங்க ஜெயிச்சுட்டாங்க," என்றார். வேறொருவர் துள்ளிக் குதித்திருப்பார். மாமாவுக்கு முகம் சுருங்கியது. "நோஞ்சான் ஒரே வாரத்துல பயில்வான் ஆவானா? எவனோ கைவரிசை காட்டியிருக்கான்." பக்கத்து வீட்டுக்காரரைக் குடைந்தார். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த காக்காயைக்கூட முறைத்தார்.

இன்று காலை மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினார். மொட்டை வேர். மருந்துக்குக்கூட ஒரு முடிச்சில்லை.

வேரைப் பார்த்தபடியே தனக்குத்தானே புலம்பினார்: "படுபாவி, யூரியாவைக் கைநிறைய அள்ளியா கொட்டுவான்?"

"கைநிறையெல்லாம் இல்ல மாமா, ஒரு சிட்டிகைதான்," என்றேன் நான்.

சொல்லி முடிப்பதற்குள் என் காது அவர் கையில் இருந்தது.

"ஏன்டா?"

"நீங்க சரியாவே சாப்பிடல..."

பிடி கொஞ்சம் தளர்ந்தது. படியில் அத்தையின் செருப்புச் சத்தம். "என்னங்க, இன்னுமா சந்தேகம் தீரல?"

"எனக்கென்ன சந்தேகம்?" என்றார் மாமா. காதிலிருந்த கை என் தோளுக்கு இறங்கியது. மறு கை, அந்த மொட்டை வேரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சத்தமில்லாமல் என் உள்ளங்கையில் திணித்தது.