மீதி ஒன்று

என் மகள் தப்பாக வகுத்தாளா... வேண்டுமென்றே தப்பாக வகுத்தாளா? பத்து நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை.

வகுத்தது அவள் அப்பாவின் செல் நம்பரை.

அவர் ஒரத்தநாடு பக்கம் அறுப்பு மெஷின் வாடகைக்கு ஏற்பாடு செய்துகொடுத்தவர். போன வைகாசியில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் தை பிறந்தால் விவசாயிகளுக்கு அந்த நம்பர்தானே ஞாபகம் வரும்?

"தம்பி இல்லீங்களா? திருவிடைமருதூர்லேருந்து பேசுறேன். நாலு மா நெலத்துல கதிர் சாஞ்சு கிடக்கு, மெஷின் எப்ப வரும்?"

சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும், முதலிலிருந்து.

"எத்தனை பேருக்குத்தான் சொல்லிக்கிட்டே இருப்ப? நம்பரை கட் பண்ணிடும்மா" என்றார் என் அண்ணன்.

ஆறாம் வகுப்பு படிக்கும் கயல் குறுக்கே வந்தாள். "அப்பா நம்பர் பகா எண்ணான்னு பாத்துட்டுதான் மாமா. எதாலயாவது வகுபட்டா கட் பண்ணிக்கங்க. அதுவரைக்கும் தொடக் கூடாது."

"உங்கம்மா பி.எஸ்ஸி. மேத்ஸ் படிச்சது பத்தாதுன்னு நீ வேறயா!" என்று அண்ணன் சிரித்தார்.

நான் அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன். பெரிய எண்தானே, இரண்டு நாளில் ஏதாவது ஒன்றால் வகுபட்டுவிடும் என்று நினைத்தேன். கால்குலேட்டரைத் தட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஏன் தட்டவில்லை? பயம்தான்.

கூட்டினால் எட்டு வரக் கூடாது என்று, கடையில் நாலு நம்பரைத் தள்ளிவிட்டு அவர் எடுத்த நம்பர் அது. இலக்கங்களைக் கூட்டினால் ஐம்பது - அதாவது ஐந்து. தொழிலுக்கு ஆகும் என்றார். ஐம்பது மூன்றால் வகுபடாது. எனவே நம்பரும் வகுபடாது. கடைசி இலக்கம் ஒன்று; இரண்டும் ஐந்தும் போயின. பிறகு ஏழு, பதினொன்று, பதிமூன்று... பகா எண்களாகப் பார்த்து வகுக்கிறாள். நாளுக்கு மூன்று.

"எதுவரைக்கும்மா வகுக்கணும்?"

"பத்து இலக்கமாச்சே... கிட்டத்தட்ட லட்சம் வரைக்கும். அதுக்குள்ள ஒன்பதாயிரத்துச் சொச்சம் பகா எண் இருக்கு."

விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள். "எட்டு வருஷத்துக்கு மேல ஆகும்!"

மலைத்துப்போவாள் என்று பார்த்தேன். வைகாசிக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

பத்து நாளுக்கு முன், அவள் பள்ளிக்கூடம் போனதும் நோட்டைத் திறந்தேன். முந்தின நாள் நாற்பத்து மூன்றால் வகுத்த பக்கம். கடைசியில் 301 நிற்கிறது. 43 × 7 = 300 என்று எழுதி, கழித்து, மீதி 1 என்று வட்டம் போட்டிருக்கிறாள்.

43 × 7 = 301. மீதி கிடையாது. நம்பர் வகுபட்டுவிட்டது.

அவசரத்தில் வந்த தப்பா? அதே கணக்கில், சில வரிகள் மேலே, 43 × 7 = 301 என்று அவளேதான் சரியாக எழுதியிருக்கிறாள்.

நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். குழந்தைகளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருப்பேன்!

நேற்று 193ஐ முடித்தாள். "இதுவும் வகுபடலம்மா" என்றாள். "சரிடா" என்றேன்.

திருத்தட்டுமா... விட்டுவிடட்டுமா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன் - இன்று சாயங்காலம் 197.